நனைக்காத கோதடி

1993 அக்டோபர் 2, சனிக்கிழமை. காந்தி ஜயந்தி என்பதால் எனக்குப் பள்ளி இல்லை, அப்பாவுக்கு ஆபீஸ் இல்லை. மற்றபடி எல்லா நாளும் போலத்தான் விடிந்தது. அப்பா எழுந்ததும் முதல் வேலையாகக் கோழிக்கூட்டைத் திறந்துவிட்டார். அதன் பிறகுதான் பல் தேய்த்தார். அம்மா ஆட்டைக் கறந்தாள். நான் கத்தரிப் பாத்திக்குத் தண்ணீர் விட்டேன். முந்தின இரவின் பாக்ரியை, சோள ரொட்டியை, டீயில் முக்கித் தின்றோம். பிறகு அம்மா தையல் மிஷினின் மேல் மூடியைக் கழற்றி, சக்கரத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள்.

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு அதற்குப் பல வருஷங்கள் கழித்துத்தான் வந்தது. ஆனாலும் இந்தத் தேதியில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

இன்று புனே கோந்த்வாவில் பத்தாவது மாடியில் ஃபிளாட் வாங்கியிருக்கும் என் வயதுக்காரர்கள் சிலர் நான் சொல்வதை நம்பப் போவதில்லை. அப்போது எங்கள் வீட்டு வாசலில் நின்றால் மேத்தி என்கிற வெந்தயக்கீரை வயலும், அதற்கப்பால் கல் உடைக்கும் குவாரியும்தான் தெரியும். அப்பா ரயில்வேயில் எலக்ட்ரிக்கல் பிரிவில் இருந்தார். எனக்கு நாலு வயதாகும் வரை கோர்படி ரயில்வே காலனியில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். பிறகு கோந்த்வாவில் அஞ்சு குண்டே, நம் கணக்கில் பன்னிரண்டு சென்ட், நிலம் வாங்கி, சிமென்ட் ஷீட் போட்டு இரண்டு அறை கட்டினார். ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, காய்கறிப் பாத்திகள், கோழிகள், ஒரு ஆடு. குவார்ட்டர்ஸை விட்டு இந்த வனாந்தரத்துக்கு எதற்காகப் போனார்கள் என்று தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் கேட்டார்களாம். அப்பா விவசாயப் பைத்தியம் என்பதுதான் எனக்குச் சொல்லப்பட்ட பதில்.

எங்கள் வீட்டில் எந்தத் துணிக்கும் ஒரு பிறவி மட்டும் இருந்ததில்லை. அப்பாவின் காக்கி பேண்ட் கிழிந்தால் என் பள்ளிப்பை. பையின் அடி தேய்ந்தால் அதன் பக்கங்கள் அடுப்புப் பாத்திரம் இறக்கும் பிடிதுணி. அம்மாவின் புடவை என் பாவாடையாகி, தலையணை உறையாகி, மிஷின் மூடியாகி, கடைசியில் கோழி அடைகாக்கும் கூடைக்குள் மெத்தையாகும். ஆட்டுக்கு டிசம்பர் குளிருக்கென்று சாக்கில் ஒரு கோட்டு இருந்தது, வயிற்றுப் பக்கம் நாடா வைத்துக் கட்டுவது. என் மேல் இருந்த எதுவும் எனக்கென்று கடையில் எடுத்ததாக எனக்கு நினைவில்லை. இதைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை. துணி என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

அப்பா சொல்வார்: "ஒங்கம்மாவ விட்டா என்னையும் ஒரு நாளைக்கு வெட்டி, ரெண்டு திண்டு உறை தைச்சிருவா."

அம்மா மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "ஒங்க வயித்துக்கு மூணு வரும்" என்பாள்.

கோதடி தைக்க அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தவள் பக்கத்து வயல் காக்கூ; மராத்தியில் சித்தி என்று அர்த்தம். எருமை வைத்துப் பால் விற்கும் குடும்பம். நைந்த புடவைகளை ஒன்றின் மேல் ஒன்றாக விரித்து, மேலும் கீழும் கொஞ்சம் நல்ல புடவையாகப் போட்டு, நெருக்கமாகக் கையால் ஓட்டுத்தையல் போட்டால் கோதடி. மிஷினில் தைப்பதில்லை. இரண்டு பெண்கள் எதிரெதிராக உட்கார்ந்து விளிம்பிலிருந்து நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே வருவார்கள்; கால்கள் துணிக்கு அடியில் இருக்கும், வாய் ஓயாது. அம்மாவுக்குப் பாதி மராத்தி, காக்கூவுக்கு நாலு தமிழ் வார்த்தை. அதுவே அவர்களுக்குத் தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

எங்கள் வீட்டில் நாலைந்து கோதடிகள் இருந்தன. அவற்றில் பச்சைக் கரை வைத்தது ஒன்று. அம்மா முதன்முதலில் தைத்தது, அதனால் தையல் சில இடங்களில் கோணலாகப் போகும். எல்லாவற்றிலும் கனமானதும் அதுதான். நான் அதைத்தான் போர்த்திக்கொண்டு தூங்குவேன். நவராத்திரிக்குக் கலசம் வைக்கும் முன் அந்தப் பக்கத்துப் பெண்கள் வீட்டிலுள்ள எல்லாப் படுக்கைத் துணியையும் துவைத்துவிட வேண்டும். காக்கூவும் அம்மாவும் கிணற்றடியில் கோதடிகளை ஊறவைத்து, கல்லில் போட்டு, ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்குவார்கள். பச்சைக் கரைக் கோதடியை மட்டும் அம்மா நனைக்கவே மாட்டாள். வெயிலில் போடுவாள், திருப்புவாள், தட்டுவாள், எடுத்து வைப்பாள்.

"வைனி, ஆட்டைக்கூடச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுகிறாய். அந்தக் கோதடி என்ன பாவம் செய்தது?" என்று காக்கூ கேட்பாள். வைனி என்றால் அண்ணி.

"சாயம் போயிரும்" என்பாள் அம்மா.

அதில் போவதற்குச் சாயம் ஏதும் மிச்சமிருக்கவில்லை. காக்கூ மேலே கேட்டதில்லை.

அந்த வருஷம் செப்டம்பர் முப்பது, வியாழக்கிழமை, விடிவதற்கு முன் நில நடுக்கம் வந்தது. நம்மில் அப்போது புனேயில் இருந்தவர்கள் எல்லோருக்கும் அந்த அதிகாலை பற்றி ஒரு கதை இருக்கும். என் கதை, தையல் மிஷினின் கால்பலகை யாரும் மிதிக்காமல் இரண்டு மூன்று தரம் ஆடியது. டக், டக் என்ற அந்தச் சத்தத்தில்தான் விழித்தேன். கோழிகள் கத்தின. அப்பா என்னைக் கோதடியோடு சுருட்டித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பகலில் ரேடியோவில் லாத்தூர்ப் பக்கம் என்றார்கள். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகள், தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேலேயே விழுந்துவிட்டன. முந்தின நாள்தான் கணபதியைக் கரைத்துவிட்டு, ஆடிக் களைத்து எல்லோரும் படுத்திருந்தார்கள். மறுநாள் பேப்பரில் வந்த படங்களை அப்பா என் கண்ணில் படாமல் மடித்து வைத்தார். நான் பார்த்துவிட்டேன்.

கோர்படி காலனியில் கணபதி இருந்த பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. அங்கே துணியும் அரிசியும் சேர்த்து, சனிக்கிழமை மத்தியானம் ஒரு லாரி அனுப்புவதாக அப்பாவின் ஆட்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள்.

அம்மா அன்று தைத்து முடித்த ரவிக்கைகளைக் கொடுக்க ஊருக்குள் போயிருந்தாள். மிஷினில் ஊசிக்கடியில் ஒரு ரவிக்கைக் கை அப்படியே இருந்தது. அப்பா தன் சட்டைகள் இரண்டு, ஒரு பித்தளைக் குண்டான், அரிசி எல்லாம் கட்டினார். பிறகு சுற்றுச்சுவர் மேல் வெயிலில் கிடந்த பச்சைக் கரைக் கோதடியை எடுத்து மடித்தார்.

"அது அம்மாவோட பழைய கோதடிப்பா" என்றேன்.

"பழசுன்னா என்னட்டி? கையில வச்சுப் பாரு, எவ்வளவு கனம். அங்க பச்சப்பிள்ளைங்களோட வெட்டவெளியில படுத்துக் கெடக்காங்க. மெல்லிச அவங்களுக்குக் குடுத்துட்டு கனத்தத நாம வச்சுக்கிடவா?"

சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். இன்று யோசித்தாலும் அவர் சொன்னதில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. வீட்டிலேயே நல்லதைத்தான் எடுத்துப் போனார்.

அம்மா திரும்பி வந்து காலைக் கழுவிக்கொண்டே சுவரைப் பார்த்தாள்.

"கோதடி எங்கட்டி?"

சொன்னேன். சொம்பு கையிலிருந்து விழவில்லை, ஒன்றுமில்லை. அதைக் கவனமாகத் தொட்டி மேல் வைத்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். கதவைச் சாத்தவில்லை. மிஷினை மூடவில்லை. ரவிக்கைகளுக்குக் கொக்கி தைக்க எடுத்துப்போய்த் தோள்பட்டையில் குத்தியிருந்த நூல் கோத்த ஊசி அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் ஊசியை எண்ணி வைக்காமல் வேறு வேலை பார்க்கிற பெண் அல்ல என் அம்மா. எனக்கு அப்போதே பயம் வந்துவிட்டது.

சிக்ஸ் சீட்டர் ஷேர் ஆட்டோவில் ஏறி இறங்கி, கோர்படி கேட் வரைக்கும் நடந்தோம். கேட் அடைத்திருந்தது. ஸ்கூட்டர்களும் மாட்டுவண்டியும் நின்றன. தூரத்தில் எஞ்சின் தெரிந்தது. ரயில்வேக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அடைத்த கேட்டுக்குள் குனிந்து போகக் கூடாது என்பது 'அ' எழுதப் பழகும் முன்பே சொல்லிக்கொடுக்கும் பாடம். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள் குனிந்து, என்னையும் இழுத்துக்கொண்டு, தண்டவாளத்தைத் தாண்டினாள். கேட்மேன் மராத்தியில் வைதது எங்கள் பின்னால் ரயிலோசையில் அடங்கியது. நான் அழக்கூட மறந்துவிட்டேன்.

பந்தலில் தெர்மாகோல் வளைவு அப்படியே இருந்தது. கணபதி உட்கார்ந்திருந்த மேடையில் துணிக்குவியல். ரயில்வே கார்டு வீட்டு மாமியும் இன்னும் சில பெண்களும் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். காலனியில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்தவர் அந்த மாமி. மூட்டைகள் பெரும்பாலும் லாரியில் ஏறிவிட்டன. அப்பா லாரிக்குப் பக்கத்தில் கயிறு பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன, ரெண்டு பேரும் வந்துட்டீங்க?" என்றார் சந்தோஷமாக. உதவிக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார்.

"என் கோதடியத் தாங்க" என்றாள் அம்மா.

"அது வண்டிக்குள்ள போயிட்டே. வேற போர்வ வாங்கிக்கிடலாம்."

"எனக்கு அதுதான் வேணும்."

மாமி மேடையிலிருந்து கீழே பார்த்தார். "ஏண்டி, ஒரு பழம் போர்வைக்காகவா கோந்த்வாலேர்ந்து ஓடி வந்திருக்கே? அங்க ஊரே மண்ணுக்குள்ள போயிருக்கு. மனசு வரலையா நோக்கு?"

யாரோ சிரித்தார்கள். அப்பாவின் முகம் சிவந்தது. "வீட்டுக்குப் போ. எல்லாரும் பாக்காங்க" என்றார் தாழ்ந்த குரலில்.

அம்மா புடவையை இடுப்பில் செருகினாள், லாரிச் சக்கரத்தில் கால் வைத்தாள், பக்கப்பலகையைப் பிடித்து உள்ளே ஏறிவிட்டாள். அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்காரவே கூச்சப்படுகிறவள். மூட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். அவள் குனிவதும் நிமிர்வதும் மட்டும் தெரிந்தது. "பாயி, உதரா" என்று டிரைவர் கீழே இறங்கச் சொல்லிக் கத்தினார். அவள் பச்சைக் கரையை உருவி எடுத்துக்கொண்டு பின்பலகை மேல் உட்கார்ந்தாள். ஒரு மூலையிலிருந்து விரல்களால் அழுத்திக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"பிளேடு இருக்கா?" என்றாள் டிரைவரிடம், இந்தியில்.

அவர் என்ன நினைத்தாரோ, முன்பக்கம் போய்ச் சவர பிளேடு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா விளிம்புத் தையலைப் பிரித்தாள். அவசரப்படவில்லை. ஒரு கை நுழையும் அளவு பிரித்ததும் உள்ளே விட்டு, மெல்ல, எதுவும் கிழியாமல், வெள்ளையாக ஒன்றை வெளியே எடுத்தாள்.

ஒரு குழந்தைச் சட்டை. ஒரு வயசுப் பிள்ளைக்கு வரும். மடித்த மடிப்பிலேயே தட்டையாகி, மடிப்புக் கோடுகளில் பழுப்பேறியிருந்தது. கழுத்தில் லேஸ். பின்பக்கம் டிச் பட்டன். நெஞ்சில் சிவப்பு நூலில் சங்கிலித் தையலால் தமிழ் எழுத்து.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவிடம் தமிழ் கற்றுக்கொண்டிருந்த காலம் அது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். படித்தேன். என் பெயர்.

எனக்குக் கிடைத்த ஒவ்வொரு துணியும் எனக்குத் தெரியும். அப்படி ஒரு சட்டையை நான் பார்த்ததே இல்லை. "இது எனக்குத் தைச்சதாம்மா?" என்று கேட்டேன்.

மாமி மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். "அந்த லேஸ் நான் பின்னினது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அப்பா கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டார். லாரி அருகில் வந்து சட்டையைத் தொடாமல் பார்த்தார். "எல்லாத்தையும் நான்தான ஆத்துல விட்டேன்" என்றார். "ஒண்ணு விடாம எடுத்துக் குடுத்தியே."

"இத மட்டும் குடுக்கல."

"எங்கட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா, வச்சிருக்க விட்டிருப்பீங்களா?"

அப்பா கீழே விழுந்த கயிற்றை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு அம்மா செய்ததைத்தான் நான் இன்றுவரை சரியாக உள்வாங்கிக்கொள்ளவில்லை. கோதடியோடு வீட்டுக்குக் கிளம்புவாள் என்று எல்லோரும் நினைத்தோம். அவள் தோளிலிருந்த ஊசியை எடுத்து, பிரித்த இடத்தை அங்கேயே உட்கார்ந்து தைத்தாள். முன்பைவிட நேராக, நெருக்கமாக. முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்தாள். கோதடியை மடித்து மூட்டைகளுக்கு மேலே, கைக்கு எட்டும்படி வைத்தாள்.

"பிள்ளைங்க இருக்கிற வீடாப் பாத்துக் குடுக்கச் சொல்லுங்க" என்றாள் அப்பாவிடம். பிறகு, வந்த வழியே இறங்கினாள்.

நம் வீடுகளிலிருந்து காணாமல் போன பொருள்களைப் பற்றி நாம் அடிக்கடி பேசிக்கொள்கிறோம். இந்தக் கோதடி மட்டும் எனக்குக் காணாமல் போனதாகத் தோன்றியதே இல்லை. அந்தப் பக்கத்தில் ஏதோ ஓர் ஊரில் அதைப் போர்த்தி ஒரு பிள்ளை வளர்ந்திருக்கும். தைரியமாக நனைத்துத் துவைத்திருப்பார்கள்.

திரும்பும்போது அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்களோடு நடந்தார். கேட் திறந்திருந்தது. நான் மறுபடியும் கேட்டேன். இந்தத் தடவை அம்மா சொன்னாள்.

"ஒனக்கு முன்ன ஒருத்தி இருந்தா. காய்ச்சல் வந்து போயிட்டா."

"அவ பேரும் என் பேருதானா?"

அம்மா கொஞ்ச தூரம் நடந்தாள். "இது அவ பேருதான். ஒனக்கு அப்புறம் வச்சோம்."

போன பிள்ளையின் துணி வீட்டில் இருந்தால் அடுத்த பிள்ளை தங்காது என்று ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் சொன்னார்கள். அதே பெரியவர்கள்தான், போனவள் திரும்பி வந்திருக்கிறாள், அதே பெயரை வை என்றும் சொன்னார்கள். துணிக்கு ஒரு நியாயம், பெயருக்கு ஒரு நியாயம். அப்பா இரண்டையும் கேட்டார். நிலம் வாங்கிக் காலனியை விட்டுப் போனதும் விவசாய ஆசையால் இல்லை. அந்தத் தெருவில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் அக்கம்பக்கத்தார் திரும்பிப் பார்த்தார்களாம். புதிய இடத்தில் யாருக்கும் தெரியாது, என் பெயர் என்னுடையதாகவே இருக்கும் என்று நினைத்தார். நான் தினமும் அவளைப் போர்த்திக்கொண்டுதான் தூங்கினேன் என்பது அவருக்குத் தெரியாது.

பத்து வயதில் இதெல்லாம் எனக்கு இந்த வரிசையில் புரியவில்லை. ஒன்றுதான் புரிந்தது. பையிலிருந்து பாவாடைவரை எனக்கு வந்தவை எல்லாம் வேறொன்றிலிருந்து வெட்டித் தைத்தவை. பெயரும் அப்படித்தான். என் காலடியில் தரை மறுபடியும் ஆடியது போலிருந்தது. இந்தத் தடவை யாரும் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை.

வீட்டுக் கதவு திறந்தபடியே இருந்தது. காக்கூ உள்ளே உட்கார்ந்து காவல் காத்துக்கொண்டிருந்தாள், ஆட்டையும் கட்டியிருந்தாள். அம்மா கையிலிருந்த சட்டையைப் பார்த்தாள். வாங்கிப் பின்பக்கம் திருப்பி, பட்டனை விரலால் தடவினாள்.

"இதுதானா" என்றாள். "தைக்கும்போது என் ஊசி இதில் முட்டியது, வைனி. சுற்றிக்கொண்டு தைத்துவிட்டேன்."

"கேக்கவே இல்லையே" என்றாள் அம்மா.

"நீயாகச் சொல்வாய் என்று இருந்தேன். துவைக்கச் சொல்லியாவது பார்த்தேன். அப்படியும் நீ சொல்லவில்லை."

அம்மா அப்போதுதான் அழுதாள். காக்கூ எழுந்து போய் டீ வைத்தாள், எங்கள் அடுப்பில்.

அன்று ராத்திரி சாப்பிடக் கூப்பிட என்னிடம் வந்த அப்பா, பெயரைச் சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, "பாப்பா" என்றார். ரொம்ப நாளைக்கு அப்படியே கூப்பிட்டார்.

மறுநாள் ஞாயிறு. கோழிகள் கூட்டுக்குள் கத்திக்கொண்டிருந்த சத்தத்தில் எழுந்தேன். அப்பா கூட்டைத் திறந்திருக்கவில்லை. மிஷின் மேல் அம்மா வைத்திருந்த சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். அடுக்களை நிலைப்படியில் அம்மா அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் ஆற்றுக்குக் கொண்டுபோகப் போகிறாரோ என்று நான் நினைத்தேன். அவளும் அப்படி நினைத்திருக்கலாம்.

"நனைக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம். வெயில் போதும்."

அப்பா வாசலுக்கு வந்தார். ரோட்டைப் பார்த்த கொடியில், தன் காக்கிச் சட்டைக்கும் என் பாவாடைக்கும் நடுவில் இடம் ஒதுக்கி, பெயர் வெளிப்பக்கம் தெரியும்படி அதைப் போட்டு, இரண்டு தோளிலும் கிளிப் மாட்டினார். அதன் பிறகுதான் கோழிக்கூட்டைத் திறந்தார்.